ராத்திரி எங்க தூங்குவீங்க? செங்கடல் டைவ் படகுக் குறிப்புகள்

2024 செப்டம்பரில் எகிப்து போய், ஆறு ராத்திரி ஒரு டைவ் படகில் தங்கிவிட்டு வந்தேன். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "ஏங்க, ராத்திரி எங்க தூங்குவீங்க?" நான் நைட்ரஜன், அழுத்தம், ரத்தத்தில் குமிழி என்று அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, தூங்குறது எங்க?" என்றார். "படகுலதான், கீழ் தளத்துல ரூம் இருக்கு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு மறுபடி நைட்ரஜனுக்கே போய்விட்டேன்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு மாதம் ஆனது. நடுவில் பழைய கப்பல்களைப் பற்றியும், சில விபத்து விசாரணை அறிக்கைகளையும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதி வைத்த குறிப்பு இது. ஸ்கூபா பழக்கமே இல்லாதவர்களுக்கும் புரியும்படி முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

லிவ்அபோர்ட் என்று சொல்வார்கள். படகிலேயே குடியிருந்து டைவ் அடிப்பது. செங்கடலில் இவை பெரும்பாலும் மரத்தால் கட்டிய, முப்பது நாற்பது மீட்டர் நீளமுள்ள படகுகள். இருபது, இருபத்தைந்து பயணிகள். அவர்களைக் கவனிக்க ஒரு டஜன் ஊழியர்கள். பின்பக்கம் டைவ் தளம், டேங்குகளில் காற்று அடைக்கும் கம்ப்ரஸர். நடுத்தளத்தில் சாப்பாட்டு அறை, அதாவது சலூன். அதற்குக் கீழே, நீர்மட்டத்தை ஒட்டி, தூங்கும் அறைகள். காலை ஆறு மணிக்கு மணி அடிப்பார்கள். கரும்பலகையில் படம் போட்டு விளக்கம், ஒரு டைவ், காலைச் சாப்பாடு, தூக்கம், டைவ், மதியச் சாப்பாடு, தூக்கம், டைவ், இருட்டிய பின் இன்னொரு டைவ். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு. நடுவில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நாற்பது வயசுக்கு மேல் இப்படிச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தது எனக்கு அந்த ஒரு வாரம்தான்.

எதற்காகப் படகிலேயே தங்க வேண்டும்? முதல் காரணம் தூரம். எங்கள் பயணத்தின் முக்கிய ஈர்ப்பு திஸ்ல்கோர்ம் என்ற மூழ்கிய கப்பல். அது சூயஸ் வளைகுடாவின் வாயில், குபால் நீரிணையில், ஷாப் அலி என்ற இடத்தில் கிடக்கிறது. அரபியில் டைவ்காரர்கள் ஷாப் என்பது, மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் பார் என்று சொல்வதைத்தான். கடலுக்கடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டு. ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து ஒருநாள் படகில் போகிறவர்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்தால் ஏற்கெனவே பத்துப் படகு நிற்கும். ராத்திரியே போய்க் கயிறு கட்டி நிற்கும் படகில் இருந்தால், ஆறு மணிக்கு நீங்கள்தான் முதல் ஆள்.

இரண்டாவது காரணம் என் மனைவி கேட்காமலேயே நான் விளக்கிய நைட்ரஜன். எனக்கு இதில்தான் ருசி அதிகம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முப்பது மீட்டரில் மொத்தம் நான்கு. நாம் சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்கு வர வேண்டும் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் தரையில் இழுப்பதைப்போல நான்கு மடங்கு காற்று உள்ளே போகிறது. அதில் ஆக்ஸிஜனை உடம்பு செலவழித்துவிடும். நைட்ரஜனுக்குச் செலவு கிடையாது. அது ரத்தத்தில் கரைந்து தசை, கொழுப்பு, மூட்டு என்று போய்த் தங்கும். மெதுவாக மேலே வந்தால் வந்த வழியே வெளியேறும். வேகமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளேயே குமிழியாகும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய்விடக்கூடிய நோய் அது.

இதை முதன்முதலில் ஒழுங்காகக் கணக்காக்கியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, 1908-ல் அட்டவணை வெளியிட்டார். உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை என்பதுதான் அவர் பிடித்த விஷயம். பல பானைகளை வரிசையாக வைத்த மாதிரி யோசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாய் வெவ்வேறு அளவு. அகல வாய்ப் பானை சட்டென்று நிரம்பும், சட்டென்று காலியாகும். குறுகிய வாய்ப் பானை மெதுவாக நிரம்பும், அதைவிட முக்கியம், மெதுவாகத்தான் காலியாகும். பின்னால் ஸூரிக்கில் பூல்மன் என்ற மருத்துவர் இதைப் பதினாறு பானைகளாகப் பிரித்தார். இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்களில் பல அவருடைய கணக்கைத்தான் ஓட்டுகின்றன. நிரலாக எழுதினால் பத்து வரிகூட வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்த்தேன்.

வேகமான பானையின் அரைக்காலம் சுமார் 5 நிமிடம். அதாவது அரை மணி நேரத்தில் கூடுதல் நைட்ரஜனில் இரண்டு சதவீதம்கூட அதில் மிச்சமிருக்காது. மெதுவான பானையின் அரைக்காலம் 635 நிமிடம், பத்தரை மணி நேரம். முழுசாக 24 மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாலும், ஏறியதில் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் உள்ளேயே இருக்கும். ஒருநாள் டைவ் அடித்துவிட்டு ஹோட்டலுக்குப் போகிறவருக்கு இந்தப் பானை முக்கியமில்லை. தினம் நான்கு டைவ் என்று ஆறு நாள் ஓட்டுகிற எங்களுக்கு அது காலியாவதே இல்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் பாக்கியோடுதான் தொடங்குகிறது. அதனால்தான் கடைசி நாள் படகு கரையில் சும்மா நிற்கும், யாரும் இறங்கக் கூடாது. பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பான டானின் வழிகாட்டல். பல படகுகள் 24 என்றே வைத்திருக்கின்றன.

இந்தப் பாக்கியைக் குறைக்கத்தான் நைட்ராக்ஸ். சாதாரணக் காற்றில் நைட்ரஜன் 79 சதவீதம். ஆக்ஸிஜனை 32 ஆக ஏற்றிய நைட்ராக்ஸில் 68. முப்பது மீட்டரில் இதைச் சுவாசித்தால், நைட்ரஜன் கணக்குக்கு நீங்கள் 24 மீட்டர் சொச்சத்தில் இருப்பதாக அர்த்தம். சாதாரணக் காற்றில் 20 நிமிடம் கிடைக்கும் ஆழத்தில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் கிடைக்கும். ஆனால் அதிக அழுத்தத்தில் ஆக்ஸிஜனே விஷம், வலிப்பு வரும். 32 சதவீத நைட்ராக்ஸோடு 34 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. திஸ்ல்கோர்ம் கிடக்கும் தரை சுமார் 30 மீட்டர். யாரோ கணக்குப் போட்டு மூழ்கடித்த மாதிரி இருக்கும்.

சரி, நைட்ரஜன் போதும்.

ஹுர்கதாவிலிருந்து கிளம்பி நாங்கள் முதலில் போனது அபு நுஹாஸ். கப்பல்கள் போகும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முக்கோணப் பவளத் திட்டு. அதன் வடக்கு விளிம்பில் வரிசையாகக் கப்பல்கள் கிடக்கின்றன. 1978, 1981, 1983 என்று சமீப காலத்தவை மூன்று. நான்காவது மட்டும் 1869. அதன் பெயர் கர்நாட்டிக். ஆற்காட்டு நவாபு ஆண்ட, நம் ஊரெல்லாம் அடங்கிய அந்தக் கர்நாட்டிக்தான். பி அண்ட் ஓ கம்பெனியின் கப்பல். பாயும் உண்டு, நீராவி இயந்திரமும் உண்டு. சூயஸிலிருந்து பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

நூற்றைம்பது வருஷத்தில் பலகையெல்லாம் அரித்துப்போய் இரும்புச் சட்டம் மட்டும் நிற்கிறது. தேவாலயத்தின் விலா எலும்புக் கூரைக்குள் நீந்துகிற மாதிரி. சட்டங்களின் அடிப்பக்கம் எங்கும் ஊதாவும் ஆரஞ்சுமாக மென்பவளம் தொங்குகிறது. நடுவில் விரல் நீளக் கண்ணாடி மீன்கள், ஆயிரக்கணக்கில். கை நீட்டினால் திரை மாதிரி விலகி, மறுபடி சேர்ந்துகொள்ளும். மூழ்கிய கப்பல்களைத் தேடிப் பவளமும் மீனும் வருவதற்குக் காரணம் எளிமையானது. பவளப் புழுவுக்கு ஒட்டிக்கொள்ள அசையாத கெட்டியான இடம் வேண்டும், மீனுக்கு ஒளிய இடுக்கு வேண்டும். மணல் தரையில் இரண்டும் கிடையாது, கப்பலில் இரண்டும் உண்டு. நான் இரண்டு டைவ் அடித்தேன். படம் எடுத்தேன். கப்பலின் கதையை வழிகாட்டி கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னபோது, உண்மையைச் சொன்னால், கேமரா கூட்டுக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திஸ்ல்கோர்ம். 1940-ல் இங்கிலாந்தின் ஸண்டர்லேண்டில் நீரில் இறக்கிய சரக்குக் கப்பல், 126 மீட்டர். வட ஆப்பிரிக்காவில் போராடிய பிரிட்டிஷ் 8-வது சேனைக்குப் பொருள் ஏற்றிக்கொண்டு 1941-ல் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பியது. மத்தியதரைக்கடல் ஆபத்து என்பதால் ஆப்பிரிக்காவையே சுற்றி, கேப்டவுன் வழியாக வந்தது. சூயஸ் கால்வாயில் தடங்கல். முறை வரும்வரை குபால் நீரிணையில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த வருஷம் நவம்பர் 18-ல் தொடங்கிய குருசேடர் தாக்குதலில் 4-வது இந்திய டிவிஷனும் இருந்தது. இந்த லாரிகளில் சில அவர்கள் கைக்கும் போயிருக்கலாம். போகவில்லை.

முன்பக்கம், நம் மீனவர்கள் சொல்லும் அணியம், நிமிர்ந்து நிற்கிறது. கயிற்றைப் பிடித்து இறங்கினால் பதினைந்து மீட்டருக்கு மேல் போனதும் மேல் தளம் வரும். சரக்கு அறைக்குள் நுழைந்தால் பெட்ஃபோர்டு லாரிகள் வரிசையாக. லாரியின் முதுகில் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள்கள், மூன்று மூன்றாக நெருக்கி நிறுத்தியபடி. டயர் இன்னும் இருக்கிறது. ரப்பர் பூட்ஸ் குவியல், துப்பாக்கிக் கட்டுகள், விமான உதிரிபாகங்கள். பின்பக்கம் போனால் கப்பலே இல்லை. கிழிந்து மடங்கிய இரும்புத் தகடுகளும் சிதறிய பீரங்கிக் குண்டுகளும்தான். மேல்தளத்தில் ஏற்றியிருந்த இரண்டு ரயில் எஞ்சின்கள் தூக்கி எறியப்பட்டு கப்பலுக்கு வெளியே மணலில் கிடக்கின்றன.

1950-களின் தொடக்கத்தில் கூஸ்தோ இதைக் கண்டுபிடித்து, ஒரு மோட்டார் சைக்கிளையும் கப்பலின் மணியையும் எடுத்துப் போனார். பின் முப்பது, நாற்பது வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-களில்தான் டைவ் படகுகள் வரத் தொடங்கின. வந்தபின் சேதம் கூடியது. படகுகள் கப்பலின் இரும்பிலேயே நேராகக் கயிறு கட்டின, காற்றடிக்கும்போது அது பிய்ந்து வந்தது. உள்ளே போகிறவர்கள் விடும் மூச்சுக் குமிழிகள் கூரையில் தேங்கி, ஈர இரும்பும் ஆக்ஸிஜனுமாகச் சேர்ந்து துரு வேகமாகிறது. ஹெப்கா என்ற உள்ளூர் அமைப்பு 2007-ல் தனியாகக் கட்டுமிடங்கள் போட்டு, தேங்கும் காற்று வெளியேறத் துளைகளும் இட்டது. கட்டுமிடங்கள் சில வருஷம்கூடத் தாங்கவில்லை. 2017-ல் பிரிட்டிஷ், எகிப்திய ஆய்வாளர்கள் சேர்ந்து 24,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, கப்பல் முழுவதையும் முப்பரிமாண மாதிரியாக்கி இணையத்தில் வைத்தார்கள். என் தொழிலுக்கு அதுதான் நெருக்கம். நீந்தத் தெரியாதவர்களும் திரையில் சுற்றி வரலாம்.

அன்று ராத்திரி எங்கள் படகு திஸ்ல்கோர்ம் மேலேயே கட்டி நின்றது. இரண்டு மணி வாக்கில் தாகம் எடுத்து எழுந்தேன். சலூனில் யாரும் இல்லை. சாப்பாட்டு மேசை முழுக்க சார்ஜர்கள், டார்ச், கேமரா, விளக்கு பேட்டரிகள், செல்போன். பதினைந்து இருபது சிவப்பு, பச்சைப் புள்ளிகள் இருட்டில் மினுக்கிக்கொண்டிருந்தன. அழகாக இருக்கிறதே என்று ஒரு படம் எடுத்தேன். தண்ணீர் குடித்துவிட்டுக் கீழே போய்த் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 25 அன்று ஸீ ஸ்டோரி என்ற டைவ் படகு மர்ஸா ஆலம் பக்கம் கவிழ்ந்தது. நாங்கள் போன பகுதி இல்லை, அதற்கு வெகு தெற்கே. விடியற்காலை, பலர் கீழ் அறைகளில் தூக்கத்தில் இருந்த நேரம். 46 பேரில் 35 பேர் மீட்கப்பட்டார்கள். சிலர் கவிழ்ந்த படகுக்குள் காற்றுத் தேங்கிய இடத்தில் ஒரு நாளுக்கும் மேல் இருட்டில் காத்திருந்து வெளியே வந்தவர்கள். நாலு பேர் உடல் கிடைத்தது, ஏழு பேரைக் கிடைக்கவே இல்லை. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தியைப் பார்த்தேன். படத்தில் இருந்த படகின் அமைப்பு, டைவ் தளம், சலூன், கீழே அறைகள், எல்லாமே நான் தங்கியதைப் போலவே இருந்தது.

அன்றிலிருந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். செங்கடலிலேயே 2023 ஏப்ரலில் கார்ல்டன் குயீன் கவிழ்ந்திருக்கிறது, எல்லோரும் தப்பினார்கள். அதே ஜூனில் ஹரிக்கேன் தீப்பிடித்து மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள். மற்றவர்கள் காலை டைவ் விளக்கத்துக்குக் கூடியிருந்தபோது, இவர்கள் அன்றைக்கு டைவ் வேண்டாமென்று இருந்துவிட்டவர்கள். யோசித்துப் பாருங்கள், கடலுக்குள் இறங்காததால் இறந்திருக்கிறார்கள். 2025-ல் பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, செங்கடல் டைவ் படகுகளில் ஏறுகிறவர்களுக்காகவே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது.

இருப்பதிலேயே முழுமையான விசாரணை செங்கடலில் நடந்த விபத்துக்கு இல்லை, கலிஃபோர்னியாவில் நடந்ததற்கு. கன்செப்ஷன் என்ற டைவ் படகு, 2019 செப்டம்பர் 2, சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரத்தில் நின்றிருந்தபோது, விடியற்காலை மூன்று மணிக்குத் தீப்பிடித்தது. கீழ் அறையில் தூங்கிய 33 பயணிகளும் ஒரு ஊழியரும், மொத்தம் 34 பேர் இறந்தார்கள். மேல் தளத்தில் இருந்த ஐந்து ஊழியர்கள் தப்பினார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு வருஷம் விசாரித்து எழுதிய அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். யாரையும் திட்டாமல், எந்தெந்தத் தடுப்பு எப்படி எப்படித் தோற்றது என்று மட்டும் எழுத வேண்டும். இந்த அறிக்கை அந்த வகை. தீ தொடங்கியது சலூனின் பின்பகுதியில். எதிலிருந்து பற்றியது என்று உறுதி செய்ய முடியவில்லை, படகே எரிந்து மூழ்கிவிட்டது. அங்கே பேட்டரிகள் சார்ஜில் இருந்தன என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. புகை கண்டறியும் கருவி கீழே தூங்கும் அறையில் இருந்தது, சலூனில் இல்லை. அதாவது மேலே தீ வளர்ந்து புகை கீழே இறங்கிய பிறகுதான் அது கத்தும். கத்தினாலும் மேல் தளத்துக்குக் கேட்காது, இணைப்பு கிடையாது. கீழிருந்து வெளியேற இரண்டு வழி. ஒன்று படிக்கட்டு, மற்றொன்று படுக்கைக்கு மேலே ஒரு அவசரத் திறப்பு. இரண்டுமே போய்ச் சேரும் இடம் சலூன்தான்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் இரண்டு வழி, நிஜத்தில் ஒன்று. டேட்டாபேஸுக்கு இரண்டு நகல் வைத்து இரண்டையும் ஒரே மின்சார இணைப்பில் செருகிய அமைப்புகளை நானே கட்டியிருக்கிறேன்.

ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து படகைச் சுற்றி வர வேண்டும் என்பது அந்தப் படகின் அனுமதிச் சான்றிதழிலேயே இருந்த நிபந்தனை. அன்று யாரும் விழித்திருக்கவில்லை. அந்த நிறுவனத்தின் படகுகளில் அது வழக்கமாகவே விடுபட்டிருந்தது என்கிறது அறிக்கை. படகின் தலைவருக்கு 2024-ல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. விதிகள் அமெரிக்காவில் மாறின. தங்கும் அறைகள் எல்லாவற்றிலும் ஒன்றோடொன்று இணைத்த அலாரம், தனித்தனி இடத்தில் திறக்கும் வழிகள் என்று.

இதைப் படித்த பிறகுதான் கர்நாட்டிக்கின் கதையையும் திஸ்ல்கோர்மின் கதையையும் மறுபடி எடுத்தேன்.

கர்நாட்டிக் 1869 செப்டம்பர் 13 அன்று, நள்ளிரவுக்குப் பின் அபு நுஹாஸில் ஏறி உட்கார்ந்தது. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் இரண்டு மாதம். கேப்டன் ஜோன்ஸ் சோதித்துப் பார்த்தார். பம்புகள் தாக்குப்பிடிக்கின்றன, கப்பல் அசையாமல் நிற்கிறது. பக்கத்தில் ஷத்வான் தீவு. படகில் போய்விடலாம் என்று பயணிகள் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். கம்பெனியின் இன்னொரு கப்பலான சுமத்ரா அந்த வழியாக வர வேண்டும், அதுவரை இங்கேயே இருப்பதுதான் பாதுகாப்பு. அன்று இரவுச் சாப்பாடு வழக்கம்போலப் பரிமாறப்பட்டது. ராத்திரி தண்ணீர் கொதிகலனை எட்டியது, விளக்கு போயிற்று. அப்போதும் இறங்க அனுமதி இல்லை. மறுநாள் முற்பகல் ஒருவழியாகச் சம்மதித்து, முதல் ஆட்கள் உயிர்காப்புப் படகில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கப்பல் இரண்டாக உடைந்தது. 31 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை நாள் கையில் இருந்தது.

ஜோன்ஸ் முட்டாள் இல்லை. அன்று அவர் கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவு மாதிரித்தான் தெரிந்திருக்கும். பம்பு ஓடுகிறது, கடல் அமைதி, உதவி வருகிறது. நேற்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இன்றைக்கும் ஆகாது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். நானும் ஆறு ராத்திரி அப்படித்தான் தூங்கினேன்.

திஸ்ல்கோர்ம் நின்ற இடத்துக்கு அந்தக் காலக் கடற்படைப் பெயர் என்ன தெரியுமா? பாதுகாப்பான நங்கூரத் துறை, எஃப். அங்கேதான் 1941 அக்டோபர் 6 அன்று, அதிகாலை ஒன்றரை மணி வாக்கில், கிரீட் தீவிலிருந்து வந்த இரண்டு ஹைன்கல் விமானங்கள் அதைக் கண்டுபிடித்தன. குண்டுகள் விழுந்தது பின்பக்கம், வெடிமருந்து இருந்த 4-வது அறையில். அந்தக் கிழிந்த பின்பகுதி அப்படித்தான் கிழிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள், நான்கு மாலுமிகள், ஐந்து கடற்படைப் பீரங்கி வீரர்கள். ஆங்கஸ் மெக்லே என்ற மாலுமி எரியும் தளத்தின் வழியே திரும்பிப் போய், அடிபட்ட ஒரு பீரங்கி வீரரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, அதே நீரிணையில் நங்கூரம் போட்டிருந்த ரோஸலி மோலர் என்ற நிலக்கரிக் கப்பலும் அதே மாதிரி மூழ்கடிக்கப்பட்டது.

அந்த இடத்தின் மேலேதான், ஏறக்குறைய அதே மணிக்கு, நான் சார்ஜர் விளக்குகளைப் படம் எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கும் போர்க் கப்பலுக்கும் ஒப்பீடே கிடையாது, தெரியும். ஆனாலும்.

பயணத்தில் எடுத்த படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மொத்தம் ஆயிரத்து நூறு சொச்சம். படகின் உட்புறம் தெரிவது நாலே நாலு. ஒன்று சார்ஜர் படம். இன்னொன்று கீழ்த்தள நடைவழியில் அறைத் தோழர் எடுத்த செல்ஃபி. அதில் பின்னால் கடைசியில் ஒரு ஏணியும் மேலே ஒரு சதுரத் திறப்பும் தெரிகிறது. பச்சை ஸ்டிக்கரும் இருக்கிறது. மூன்றாவது படம் மேலே அணியத்துப் பக்கம் சூரிய அஸ்தமனம். அந்தத் திறப்பு தளத்தில் வெளியே வரும் இடத்தில் குளிர்பானக் கிரேட்டுகள் ஐந்து அடுக்கி வைத்திருக்கிறது. ஆறு நாளில் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. படகுப் பாதுகாப்பு விளக்கம் முதல் நாள் மாலை ஐந்து நிமிடம் நடந்தது, லைஃப் ஜாக்கெட் கட்டிலுக்கடியில் என்றார்கள், நாங்கள் தலையாட்டினோம். டைவ் விளக்கம் ஒவ்வொன்றும் இருபது நிமிடம். அதில் நான் குறிப்பெடுத்தேன்.

படகின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நல்ல மனிதர்கள், அருமையான சாப்பாடு. ராத்திரிக் காவல் போட்டிருந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

அடுத்த தடவைக்காக இந்த முறை ஐந்து படகுக்காரர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ராத்திரி யார் விழித்திருப்பார், எத்தனை மணிக்கு ஒருமுறை சுற்றி வருவார், அதை எங்கே எழுதி வைப்பார். கீழ் அறையிலிருந்து இரண்டாவது வழி எந்த இடத்தில் திறக்கிறது, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்குமா. பேட்டரி சார்ஜ் செய்வது எங்கே, ராத்திரி அதை நிறுத்துவீர்களா. படகு கட்டிய பிறகு நீளத்தைக் கூட்டியோ மேல் தளம் சேர்த்தோ இருக்கிறீர்களா, அதன் பின் நிலைத்தன்மைச் சோதனை செய்தீர்களா. கடைசிக் கேள்வி கவிழ்ந்த படகுகளைப் பற்றிப் படித்ததால் வந்தது. மேலே எடை கூடினால் மிதக்கும் எதுவும் தலைகீழாகத்தான் பார்க்கும்.

இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மெனு கார்டும் தள்ளுபடி விவரமும் அனுப்பினார். ஒருவர், "கவலைப்படாதீர்கள், பன்னிரண்டு வருஷமாக ஒரு விபத்தும் இல்லை" என்று எழுதினார். எனக்கு உடனே ஜோன்ஸின் பம்பு ஞாபகம் வந்தது. ஐந்தாவது ஆள் ஒரு வீடியோ அனுப்பினார், ஒன்றரை நிமிடம். கீழ் நடைவழியில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பையன் ஏணியில் ஏறி, திறப்பைத் தலையால் முட்டித் திறந்து தளத்தில் வெளியே வருகிறான். பின்னால் யாரோ அரபியில் சிரிக்கிறார்கள். சார்ஜ் செய்யும் இடம் வெளித்தளத்தில், பத்து மணிக்கு அணைத்துவிடுவோம் என்று கூடவே ஒரு வரி. விலை மற்றவர்களைவிட அதிகம்.

வீடியோவை மனைவியிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, "அந்தப் பையன் ஒல்லியா இருக்கான். நீங்க அதுல நுழைவீங்களா?" என்றார். திறப்பின் அளவைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.